நாம் தேர்ந்துகொள்ளாத அயலார்

மனிதன் யாருக்குக் கடமைப்பட்டவன்? இக்கேள்விக்கு நம் காலம் தரும் விடை எளிமையானது. தான் விரும்பித் தேர்ந்துகொண்டவர்களுக்கும், தான் மனமொப்பி ஏற்றுக்கொண்ட பொறுப்புகளுக்கும் மட்டுமே மனிதன் கடமைப்பட்டவன் என்கிறது அது. படிப்பு, தொழில், குடியிருக்கும் நகர், பழகும் நண்பர் ஆகிய யாவும் இன்று நம் தேர்வுக்கு உரியவை. பிடிக்காத இடத்தை விட்டுப் பெயரலாம். ஒவ்வாத கூட்டத்தை விட்டு விலகலாம். இவ்வுரிமை சிறியதன்று. சாதியும் வறுமையும் ஊர்க்கட்டுப்பாடும் மனிதனை ஓரிடத்தில் முளையடித்துக் கட்டிவைத்திருந்த கொடுமையை நாம் அறிவோம். ஆகவே, தேர்வுரிமையை இகழ்ந்து பேச நமக்கு வாயில்லை.

ஆயினும், வாழ்வின் ஆழமான உறவுகளுள் பல நாம் தேர்ந்துகொண்டவை அல்ல என்பதும் உண்மை. பெற்றோரை நாம் தேர்ந்துகொள்ளவில்லை. உடன்பிறந்தாரையும் தாய்மொழியையும் பிறந்த தெருவையும் தேர்ந்துகொள்ளவில்லை. நண்பரை ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்த வள்ளுவர் 'நட்பாராய்தல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், அடுத்த வீட்டுக்காரரை எவரால் ஆராய்ந்து தேர்ந்துகொள்ள முடியும்? அவர் அங்கே இருக்கிறார். நாம் இங்கே இருக்கிறோம். அவ்வளவுதான். இத்தகைய உறவுகள் நம்மிடம் எதையேனும் உரிமையோடு கேட்கக்கூடுமா? கேட்டால், எந்த அளவுக்கு நாம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்?

இக்கேள்வியை நூல்களின் வழியே ஆராய்வதைக் காட்டிலும், ஒரு நாட்டு மக்கள் அதனை எவ்வாறு வாழ்ந்து பார்க்கிறார்கள் என்று காண்பது தெளிவு தரும். அந்த நாடு அயர்லாந்து. 1842-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து பெண்கல்விப் பணியைத் தொடங்கிய காணிக்கை அன்னை சபைக் கன்னியரை அனுப்பிய நாடு என்ற வகையில், அது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அங்கே கிராமந்தோறும் ஆடப்படும் ஹர்லிங் என்னும் விளையாட்டும், அதனை நடத்தும் ஊர் மன்றங்களும், அம்மன்றங்கள் மோதும் கவுண்டி வாகைப் போட்டிகளும் நம் கேள்விக்குப் பொருத்தமான உரைகல்லாக அமைகின்றன.

மட்டையும் பந்தும்

ஹர்லிங் மிகத் தொன்மையான விளையாட்டு. அணிக்குப் பதினைவர். ஒவ்வொருவர் கையிலும் 'கமான்' எனப்படும் வளைந்த மட்டை. நடுவே 'ஸ்லிட்டர்' எனப்படும் சிறிய தோல் பந்து. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், வானிலும் அடிக்கலாம். மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டு ஓடவும் செய்யலாம். இலக்குக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் மூன்று புள்ளி. ஆட்டத்தின் வேகம் காண்பவரைத் திகைக்கச் செய்யும். தலைக்கவசம் அணிவது 2010-ஆம் ஆண்டு முதல் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பெண்கள் ஆடும் இதன் வடிவத்துக்குக் கமோகி என்று பெயர். அதற்கான சங்கம் 1904-இல் தோன்றியது. ஹர்லிங்கையும் கமோகியையும் யுனெஸ்கோ நிறுவனம் 2018-ஆம் ஆண்டு மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

அந்த மட்டையைச் செய்யும் முறை நம் கருத்தைக் கவர்கிறது. ஆஷ் என்னும் மரத்தின் அடிப்பகுதியை, அதாவது தண்டு வேரோடு சேரும் இடத்தை, அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேர் வளையும் போக்கிலேயே மட்டையும் வளைவதால்தான் அது அடி தாங்குகிறது. நேரான தண்டிலிருந்து அறுத்தெடுத்த பலகையை வளைவாகச் செதுக்கினால் அந்த உறுதி வாய்ப்பதில்லை.

இவ்விளையாட்டு இன்றைய ஒழுங்கைப் பெற்றது 1884-ஆம் ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், டிப்பரேரி கவுண்டியைச் சேர்ந்த தர்லஸ் நகரில், மைக்கேல் கியூசாக் முதலியோர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். காசெல் உயர்மறைமாவட்டப் பேராயர் தாமஸ் குரோக் அதன் முதற் புரவலருள் ஒருவரானார். டப்ளின் நகரில் 82,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய சங்கத்தின் தலைமை மைதானம் இன்றும் அவர் பெயரால் குரோக் பார்க் என்றே வழங்குகிறது.

பங்கு என்னும் எல்லை

புதிய சங்கத்துக்கு ஊர்தோறும் கிளைகள் வேண்டியிருந்தன. மக்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பாக அன்று கிராமப்புறத்தில் எங்கும் நிலைபெற்றிருந்தது பங்குதான். ஆகவே, பங்கின் எல்லையே பெரும்பாலும் மன்றத்தின் எல்லையாயிற்று. எந்தப் பங்கில் ஒருவர் வாழ்கிறாரோ அந்தப் பங்கின் மன்றத்துக்கே அவர் ஆட வேண்டும் என்னும் விதி பல கவுண்டிகளில் இன்றும் நடைமுறையில் உள்ளது. வீரர் ஒருவர் தம் தாய் மன்றத்துக்கு என்றும் கடமைப்பட்டவராகவே கருதப்படுவார் என்பது சங்கத்தின் பொதுக்கொள்கை. தகுந்த காரணமும் மேலிடத்து ஒப்புதலும் இன்றி மன்றம் மாறுவது எளிதன்று.

இம்மன்றங்கள் தம்முள் மோதுவதே கவுண்டி வாகைப் போட்டி. கோடை முதிர்ந்து இலையுதிர் காலம் வரும் மாதங்களில், அடுத்தடுத்த ஊர்கள் களத்தில் சந்திக்கின்றன. முதல்நிலை, இடைநிலை, கீழ்நிலை என்று படிகள் உண்டு. வென்றவர் மேலேறுவர், கடைசியில் நின்றவர் கீழிறங்குவர். கவுண்டியில் வாகை சூடிய மன்றம் மாகாணப் போட்டிக்கும், அங்கிருந்து 1970–71 முதல் நடைபெறும் அனைத்து அயர்லாந்து மன்றப் போட்டிக்கும் செல்லும். முதன்முதலில் கவுண்டிகளுக்கு இடையே 1887-ஆம் ஆண்டுக்கான போட்டி நடத்தப்பட்டபோது, ஒவ்வொரு கவுண்டியின் சார்பிலும் களமிறங்கியது அங்கே வென்ற ஊர் மன்றமே. டிப்பரேரியின் பெயரால் தர்லஸ் ஊராரே ஆடி வென்றனர்.

தமிழில் நாம் 'பங்கு' என்னும் ஒரே சொல்லால் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். கோயிலைச் சூழ்ந்து வாழும் இறைமக்கள் கூட்டமும் பங்கு; பலர்க்கும் பொதுவான ஒன்றில் ஒருவர்க்கு உரிய கூறும் பங்கு. பங்கைச் சேர்ந்தவர் என்றால் அதில் பங்கு உடையவர். பங்கு உடையவர் என்றால் பங்களிக்கவும் வேண்டியவர். அயர்லாந்தின் ஊர் மன்றங்கள் இந்த இரண்டாம் பொருளை மிக உறுதியாகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஆடுகளத்தின் புல்லை வெட்டுபவர், சட்டைகளைத் துவைத்து மடிப்பவர், வாயிலில் சீட்டு விற்பவர், சிறுவர்க்கு மாலைதோறும் பயிற்சி அளிப்பவர் ஆகியோரில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். ஆடுவோர்க்கும் ஊதியம் இல்லை. எண்பதினாயிரம் பேர் ஆரவாரிக்கக் கவுண்டியின் பெயரால் ஆடுபவரும், திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கோ பண்ணைக்கோ அலுவலகத்துக்கோ வேலைக்குப் போகிறார்.

கில்கென்னி கவுண்டியின் ஹென்றி ஷெஃப்ளினை இதற்குச் சான்றாகக் கூறலாம். கில்கென்னிக்காக அவர் வென்ற அனைத்து அயர்லாந்துப் பட்டங்கள் பத்து. அத்தகைய புகழை அடைந்த காலத்திலும் தம் ஊராகிய பாலிஹேலின் மன்றத்துக்கே ஆடினார். 2015 மார்ச் 17-ஆம் நாள், புனித பேட்ரிக் திருநாளன்று, தம் ஊராருடன் மன்றப் பட்டத்தை வென்றார். அடுத்த சில நாட்களில் கவுண்டி அணியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பின்னர் அதே ஊர் மன்றத்துக்குப் பயிற்சியாளராகி 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பட்டம் பெற்றுத் தந்தார். நாட்டின் தலைசிறந்த வீரர் ஒருவர், அடுத்த வீட்டு இளைஞனோடு அதே களத்தில் சரிநிகராக நின்றார். அவ்விளைஞனை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. அவ்விளைஞனும் அவரைத் தேர்ந்துகொள்ளவில்லை.

திறமைக்கு இது நீதியா?

இங்கே நேர்மையாக ஒரு தடையை எழுப்ப வேண்டும். பாலிஹேல் அனைத்து அயர்லாந்து மன்றப் பட்டத்தை ஒன்பது முறை வென்ற ஊர். அங்கே பிறந்தவர்க்கு ஊர்ப்பற்று இனிதாகவே இருக்கும். ஆனால், வலுவற்ற ஊரில் பிறந்த திறமைசாலியின் நிலை என்ன? அவர் எவ்வளவு திறம்பட ஆடினாலும், பந்தைப் பிடிக்கத் தடுமாறும் தோழர்களோடு கீழ்நிலைப் போட்டியிலேயே தம் இளமையைக் கழிக்க நேரலாம். பணம் புழங்கும் விளையாட்டுகளில் அவர் வேறு அணிக்குப் போயிருப்பார். பிறப்பின் தற்செயலால் ஒருவரைக் கட்டிப்போடுவது அநீதி அல்லவா?

இத்தடையில் உண்மை உண்டு. திறமை இறைவனின் கொடை. அதனைப் புதைத்துவைப்பது பிழை என்பதை நாம் அறிவோம். ஆயினும், கொடை என்றால் அது யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்னும் கேள்வியும் உடன் எழுகிறது. அந்தத் திறமைசாலிக்கு ஐந்து வயதில் முதன்முதலாக மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? மழையில் நனைந்தபடி வண்டியில் ஏற்றிப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றவர் யார்? அவரும் அச்சிறுவனைத் தேர்ந்துகொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளை என்பதற்காகவே செய்தார். நாம் தேர்ந்துகொண்டவற்றுக்கு மட்டுமே கடமைப்பட்டவர்கள் என்று முடிவு கட்டுவோமானால், நம்மைத் தேர்ந்துகொள்ளாமலே நமக்கு நன்மை செய்தவர்களின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தேர்வுரிமையைப் பயன்படுத்தும் வலிமையே, பிறர் நம்மைத் தேராமல் ஏற்றுக்கொண்டதால் நமக்கு வந்தது.

மேலும், வெற்றி ஒன்றே நிறைவின் அளவுகோல் அன்று என்பதை இம்மன்றங்களின் வரலாறு காட்டுகிறது. வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியைச் சேர்ந்த ஊலார்ட்–தி பாலா என்னும் மன்றம், 2010 முதல் 2013 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தன் கவுண்டியில் வாகை சூடி, நான்கு ஆண்டுகளும் லென்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியில் தோற்றது. நான்காம் முறை அதனை வென்றது, ஹர்லிங்கில் பெரும் பெயர் பெறாத சிறிய கவுண்டியாகிய கார்லோவின் மவுண்ட் லென்ஸ்டர் ரேஞ்சர்ஸ். தோற்றவர்கள் கலைந்து போகவில்லை. கலைந்து போக வேறு இடமும் இல்லை. அவர்கள் ஒரே ஊரார். 2015-இல் அவர்கள் மாகாணப் பட்டத்தை வென்றனர். இறுதியில் வென்றதால் அவர்களது நிலைப்பாடு சிறந்தது என்று நாம் சொல்லவில்லை. வெல்லாமலே போயிருந்தாலும், ஐந்தாம் ஆண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி நின்றார்களே, அதுவே மதிப்புடையது. விலகிச் செல்வது எளிதாக இருக்கும் இடத்தில் பொறுமையைக் கற்றுக்கொள்வது அரிது.

பற்று வெறியாகும்போது

இரண்டாம் தடை இன்னும் வலியது. ஊர்ப்பற்று குறுகிய மனத்தை வளர்க்கும். 'நாம்' என்று சொல்லும்போதே 'அவர்கள்' என்று ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடும் என்பர். இதனை மறுப்பதற்கில்லை. அடுத்தடுத்த ஊர்கள் மோதும் ஆட்டங்களில் மட்டை பந்தை விட்டுவிட்டு மனிதர்மீது பாய்ந்ததும் உண்டு. வெற்றி ஆசையால், ஊதியமில்லாப் பணி என்னும் கொள்கையும் ஆட்டங்கண்டதுண்டு. பயிற்சியாளர்க்கு மறைவாகப் பணம் தரும் வழக்கத்தைப் பற்றி 2012-இல் சங்கத்தின் தலைமை இயக்குநரே ஓர் ஆய்வுரை வெளியிட நேர்ந்தது.

சங்கத்தின் வரலாற்றிலேயே குறுகிய மனத்தின் கசப்பான பக்கம் உண்டு. கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் போன்ற 'அந்நிய' விளையாட்டுகளை ஆடுவதும் காண்பதும் உறுப்பினர்க்கு நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தன. 1938-ஆம் ஆண்டு அயர்லாந்தின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு, தம் பதவியின் கடமையாக அயர்லாந்துக்கும் போலந்துக்கும் இடையிலான கால்பந்து ஆட்டத்தைக் காணச் சென்றார். ஐரிஷ் மொழியின் மறுமலர்ச்சிக்குத் தம் வாழ்நாளை அளித்த அம்மனிதரைச் சங்கம் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கியது. தன் வீட்டை நேசிப்பவர் கதவையும் பூட்டிவைக்க வேண்டும் என்று எண்ணியதன் விளைவு அது. 1971-இல்தான் அத்தடை நீக்கப்பட்டது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1920 நவம்பர் 21-ஆம் நாள் குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானிய அரசப் படையினர் சுட்டதில், ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகன் உட்படப் பதினால்வர் உயிரிழந்தனர். அதே மைதானத்தில் 2007 பிப்ரவரி 24-ஆம் நாள் அயர்லாந்தும் இங்கிலாந்தும் ரக்பி ஆடின. இங்கிலாந்தின் அரசவாழ்த்து அங்கே ஒலித்தது. திரண்டிருந்த மக்கள் அதனை அமைதியாக மதித்து நின்றனர். தனக்கென ஒரு வீடு உள்ளவரே விருந்தினரை வரவேற்க முடியும் என்பதை அந்த அமைதி உணர்த்தியது. வேரை அறுத்துக்கொண்டு அவர்கள் பெருந்தன்மை பெறவில்லை. வேரின் மீது நம்பிக்கை வந்தபின் கதவைத் திறந்தார்கள்.

இடம் என்பது குருதி அன்று

பங்கின் எல்லை குருதியின் எல்லை அன்று என்பதையும் நாம் கருத வேண்டும். ஹர்லிங் வரலாற்றில் தலைசிறந்தவராகப் பலர் போற்றும் கிறிஸ்டி ரிங், கார்க் கவுண்டியின் க்ளாய்ன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1941-இல் கார்க் நகரின் கிளென் ரோவர்ஸ் மன்றத்தில் சேர்ந்து, அதன் சார்பில் பதினான்கு முறை கவுண்டி வாகை சூடினார். 1979-இல் அவர் மறைந்தபோது அவரை அடக்கம் செய்தது பிறந்த ஊராகிய க்ளாய்னில். ஒருவர் இரண்டு ஊர்களுக்கு உரியவராகலாம் என்பதையும், மாறிச் சென்றவர் துரோகி அல்லர் என்பதையும் அவர் வாழ்வு கூறுகிறது.

ஷான் ஓக் ஓ ஹால்பீனின் வாழ்வு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அவர் தந்தை அயர்லாந்துக்காரர். தாய் பசிபிக் பெருங்கடலில் உள்ள ரொட்டுமா தீவைச் சேர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 1988-இல் பதினொரு வயதுச் சிறுவனாகக் கார்க் நகருக்கு வந்தார். அங்கே நா பியர்சி என்னும் மன்றம் அவர் கையில் மட்டையைக் கொடுத்தது. 2005-ஆம் ஆண்டு கார்க் அணியின் தலைவராக அனைத்து அயர்லாந்துக் கோப்பையைப் பெற்றுக்கொண்டபோது, அவர் தம் ஏற்புரை முழுவதையும் ஐரிஷ் மொழியிலேயே ஆற்றினார். பிறப்பால் வராத உரிமை, அருகில் வாழ்ந்ததால் வந்தது. 'என் அயலார் யார்?' என்று திருச்சட்ட அறிஞர் கேட்டபோது, ஆண்டவர் இனவரிசை எதையும் கூறாமல், வழியில் கிடந்தவனுக்கு அருகே சென்ற சமாரியரைச் சுட்டிக்காட்டியதை இங்கே நாம் நினைவுகூரலாம்.

போகிறவர்களுக்கு என்ன சொல்வது?

இன்று அயர்லாந்தின் கிராம மன்றங்களை வாட்டும் துன்பம் வேறு. இளைஞர்கள் வேலை தேடி டப்ளினுக்கும், கடல்கடந்து சிட்னிக்கும் நியூயார்க்குக்கும் செல்கின்றனர். பிள்ளைகள் குறைந்த ஊர்களில் பதினைவரைத் திரட்டுவதே பெரும்பாடாகிறது. தலைமுறை தலைமுறையாக எதிர்த்து ஆடிய இரு பங்குகள் சிறுவர் அணிகளை ஒன்றாக்கிக்கொள்ளும் நிலை பல இடங்களில் ஏற்பட்டுள்ளது. நேற்று யாரைத் தோற்கடிப்பதே பெருமை என்றிருந்தார்களோ, இன்று அவரோடு ஒரே நிறச் சட்டை அணிய வேண்டும். இது முதியோர்க்குக் கண்ணீர் தரும் செயல். ஆயினும், எதிரி என்று எண்ணப்பட்டவரும் தேர்ந்துகொள்ளாத அயலாரே என்பதை உணர்த்தும் பாடமும் இதில் உண்டு.

இந்நிலையில், ஊரை விட்டுச் செல்பவர் கடமை தவறியவரா? நாம் அவ்வாறு கூறத் துணியோம். குடும்பத்தைக் காக்கப் புறப்படுபவரைப் பார்த்து ஊரின் பெயரால் பழிசொல்வது, கடமையை விலங்காக மாற்றுவதாகும். பெற்ற கடனைப் பெற்ற இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்பதில்லை. சென்ற இடத்திலும் தேர்ந்துகொள்ளாத அயலார் இருப்பர். யாரோ ஒருவருடைய பிள்ளையின் கையில் அங்கேயும் மட்டையைக் கொடுக்கலாம். உலகின் பல நாடுகளில் இன்று ஹர்லிங் மன்றங்கள் இருப்பது இவ்வாறு சென்றவர்களால்தான்.

ஆகவே, நாம் எழுப்பிய கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம் என்று தோன்றுகிறது. நாம் தேர்ந்துகொள்ளாத உறவுகளும் நம்மிடம் கேட்கும் உரிமை உடையவை. ஏனெனில், அவை நாம் கேட்பதற்கு முன்பே நமக்குக் கொடுத்தவை. ஆனால், அவ்வுரிமைக்கு வரம்பு உண்டு. புதிதாய் வருபவருக்கு இடம் தராத ஊர்ப்பற்றும், போகிறவரைச் சபிக்கும் ஊர்ப்பற்றும் அவ்வுரிமையை இழந்துவிடுகின்றன. சாதியின் கட்டுப்பாட்டுக்கும் பங்கின் உறவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது பிறப்பைக் கேட்டு வாயிலை அடைக்கிறது; பின்னது உழைப்பைக் கேட்டு வாயிலைத் திறக்க வேண்டும். நம் பங்குகள் உண்மையில் எப்படி இருக்கின்றன என்பது, நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் நின்று விடைகாண வேண்டிய கேள்வி.

உலகத்து ஊர்களையெல்லாம் தம் ஊராகக் கண்ட புறநானூற்றுப் புலவரை நாம் கணியன் பூங்குன்றனார் என்றே அறிவோம். பூங்குன்றம் என்பது அவருடைய ஊர். எல்லா ஊரும் தமதே என்றவர்க்கும் ஓர் ஊரின் பெயரே பெயராய் நின்றது. அந்த ஊரில் அவருக்கும் அயலார் இருந்திருப்பர். அவர்களுள் சிலர் அவருக்குப் பிடிக்காதவராகவும் இருந்திருக்கக்கூடும். மாந்தரையெல்லாம் உறவென்று கொள்ளும் பாடத்தை அவர் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.